பட்டினித் தட்டு

மாடிவீட்டு ஆய்வுக்கூடத்துக்காரி படியில் யாரையாவது மடக்கினால் பாடம் எடுக்காமல் விடமாட்டாள். "ஒரு நாள் சாப்பிடாம இருந்து பாருங்க. பசியில உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லும் தன் குப்பையைத் தானே பை கட்டிக் கரைச்சுத் தின்னுடும். உடம்பு புதுசாயிடும்." கேட்டவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்கள். வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் அவள் தம்பி ஒருவன்தான். ஊரைச் சுற்றிய காய்ச்சல் அவனையும் பிடித்ததும் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் படுத்துவிட்டான். அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை வேறு.

அந்தப் பெருமை ஆய்வுக்கூடத்தில் இறங்கியது. அதே காய்ச்சலின் வைரஸை இரண்டு கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த செல்களில் விட்டிருந்தார்கள். ஒன்றுக்குத் தீனி உண்டு, மற்றது பட்டினி. பட்டினித் தட்டுதான் பிழைக்கும் என்று கூட வேலை செய்பவனிடம் பந்தயமே கட்டியிருந்தாள்.

"தோத்துட்டீங்க மேடம்," என்று அவன் திரையில் படத்தைப் பெரிதாக்கினான். "பசியில செல்லு பை மேல பையா கட்டுது. வைரஸ் அதுக்குள்ளயே உக்காந்து குட்டி போடுது. கரைக்கற இடத்துக்குப் பையை அது போக விட்டாத்தானே கரையும்? வாடகையில்லாத வீடு, யாருக்குக் கசக்கும்?"

தீனி போட்ட தட்டில் பாதியாவது பிழைத்திருந்தது. பட்டினித் தட்டில் உருப்படியாக ஒரு செல்கூட இல்லை.

"தட்டுல நடக்கறது உடம்புல நடக்கும்னு இல்லயே," என்றாள்.

"இல்லதான். நடக்காதுன்னும் இல்லயே."

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டில் தம்பி சுவரைப் பார்த்துக் கிடந்தான். பாலில் நனைத்த ரொட்டியை நீட்டினாள்.

"ஆசை காட்டாதேக்கா. உள்ள துப்புரவு வேலை நடக்குது."

"நான் சொன்னது தப்புடா. சாப்பிடு."

"நீயாவது, தப்புன்னு சொல்றதாவது. காய்ச்சல் உனக்கா எனக்கா?"

சிரித்தபோது அவன் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. கெஞ்சி ஒரு வாய் ஊட்டினாள். தொண்டைக்குள் இறங்காமல் பால் வாயோரம் வழிந்தது. அவனுக்கும் அப்போதுதான் சிரிப்பு நின்றது. "அக்கா, முழுங்க முடியலக்கா."

ஆம்புலன்ஸில் நர்ஸ் அவன் கையில் குளுக்கோஸ் ஏற்றினாள். "பொழச்சுக்குவானாம்மா?" என்று இவள் கேட்டதற்கு, "பேசாம வாங்க," என்றாள்.

சர்க்கரை ஏறினால் செல்கள் பை கட்டுவதை நிறுத்திவிடும். கட்டி முடித்த பைகளுக்குள் என்ன குடியேறியிருக்கிறதோ? அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொதித்தது.