மேல்மாடியில் ஸ்ட்ரைக்கர் சத்தம்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் போன ஜூனில் ஒரு புது ஏற்பாடு வந்தது. மாணவர் விடுதியின் ஒவ்வொரு மாடியிலும் ஒரு பேராசிரியர் குடும்பத்தோடு குடியிருக்க வேண்டும். வகுப்பில் மட்டும் பார்த்துக்கொள்கிறவர்கள் வீட்டிலும் பார்த்துக்கொண்டால் பயம் போய் பாசம் வரும் என்று முதல்வர் நம்பினார்.

இரண்டாம் மாடிக்கு வந்தவர் அருள்பிரகாசம். பாளையங்கோட்டைக்காரர். வகுப்பில் மின்விசிறி சத்தம் போட்டால்கூட அதை முறைத்துப் பார்க்கிறவர். மனைவி ஐரீன் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், ரயில்வே அலுவலகத்தில் வேலை. மகள் திருச்சியில் படிக்கிறாள்.

முதல் வாரம் பையன்களுக்கு மூச்சு முட்டியது. துண்டோடு குளிக்கப் போனவன் சாரைப் பார்த்ததும் அறைக்கே திரும்பி ஓடினான். தண்டையார்பேட்டை வசீம், இங்கே தும்முவதற்கும் அனுமதி வாங்க வேண்டும்போல என்று அம்மாவுக்குப் போன் செய்து புலம்பினான்.

பிரச்சினை கேரம் போர்டில் ஆரம்பித்தது. பொது அறை, சாரின் வீட்டுக்கு நேர் மேலே. சாயங்காலம் ஆனால் துரையும் வசீமும் அங்கே உட்கார்ந்துவிடுவார்கள். துரை வியாசர்பாடிப் பையன், நின்றுகொண்டே தூங்குவான், கேரம் என்றால் மட்டும் விழித்துக்கொள்வான். ஸ்ட்ரைக்கர் போர்டின் கட்டையில் மோதுகிற ஒவ்வொரு தடவையும் கீழே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சாரின் பேனா நின்றது. சில நாள் பொறுத்தார். பிறகு மேலே போய், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் யாரும் போர்டைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். போர்டு சுவரைப் பார்த்து நின்றது.

அடுத்த வாரம் கிண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். திரும்பும்போது கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். அன்று என்ன அதிசயமோ, சாலை காலியாக இருந்தது. வெயில் இறங்கும் முன்பே வந்துவிட்டார். வீட்டில் ஐரீன் இல்லை. மேலே டொக் டொக்கென்று சத்தம். திட்ட வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே படியேறினார்.

கதவருகே ஒரு பெண் குரல் அவரை நிறுத்தியது.

"போர்டாடா இது, மணலு மாதிரி கீது. பவுடரைப் போடு. ரெட்டு என்னுது, ஃபாலோவும் என்னுது. நீ குந்திகினு வேடிக்கை பாரு."

எட்டிப் பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஐரீன். சுண்டினாள். சிவப்புக் காய் எதிர் மூலையில் சத்தமில்லாமல் இறங்கியது. சிவப்பைப் போட்டவர் அடுத்து ஒரு காயையும் போட்டாக வேண்டும், அதுதான் ஃபாலோ. அதையும் போட்டாள். அப்போதுதான் துரை சாரைப் பார்த்து எழுந்தான். ஐரீன் எழவில்லை.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். ராயபுரத்தில் எங்கள் தெருவில் கிளப் இருந்தது, அண்ணன்களோடு ஆடுவேன், மாநில அணிக்குத் தேர்வாக இருந்த வருஷம்தான் கல்யாணம் ஆனது என்றாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே ஐரீன்."

"நீங்க கேக்கல."

அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கொச்சையாக, சந்தோஷமாகப் பேசியும் அவர் கேட்டதில்லை. பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் ஒரு கேரம் போர்டு கிடந்தது நினைவுக்கு வந்தது. சித்தப்பாவுடையது என்று நினைத்து, இறக்கி அதன்மேல் மிளகாய் காயப்போட்டிருக்கிறார். தன் சீரோடு வந்த போர்டு அது என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது ஐரீன் சொன்னாள். பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று மாமியார் மேலே ஏற்றிவிட்டாராம்.

மறுநாள் அவரே பொது அறைக்குப் போய் போர்டைத் திருப்பி, மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

டிசம்பரில் மாடிகளுக்கு இடையே இரட்டையர் போட்டி. இரண்டாம் மாடிக்குத் துரையும் வசீமும் ஆடுவதாக இருந்தது. கால்பந்து ஆடப்போன வசீம் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டு வந்தான். மாடியில் குடியிருக்கிற யாரும் ஆடலாம் என்பது விதி. துரை வீட்டு வாசலில் வந்து நின்று, மேடம் ஆட சார் அனுமதிப்பாரா என்று இழுத்தான்.

"அத ஏன்டே எங்கிட்ட கேக்க? அவகிட்ட கேளு" என்றார் அருள்பிரகாசம்.

உள்ளிருந்தே ஐரீன் சரியென்றாள்.

இறுதி ஆட்டம் சாப்பாட்டுக் கூடத்தில். மேசைகள்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். ஐரீன் போட்ட ஒவ்வொரு காய்க்கும் சார் கைதட்டினார். அவள் குறிபார்க்கும்போதும் தட்டினார். நடுவராக இருந்த மூன்றாமாண்டு மாணவன் இரண்டு முறை சும்மா இருந்தான். மூன்றாவது முறை, சத்தம் போட்டால் வெளியே போக வேண்டியிருக்கும் சார் என்று பணிவாகச் சொன்னான். கூடமே சிரித்தது. சார் கைகளைக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் ஐரீன் சிவப்பைப் போட்டாள். ஃபாலோ மயிரிழையில் விளிம்பில் தட்டி நின்றுவிட்டது. சிவப்பு நடுவுக்கே திரும்பியது, நான்காம் மாடிக்காரர்கள் ஆட்டத்தை முடித்தார்கள். அருள்பிரகாசம் அந்தக் காயையே முறைத்துப் பார்த்தார். ஐரீனோ விரலை உதறிக்கொண்டு, அடுத்த வருஷம் இவங்களை விடக்கூடாது என்று துரையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சார் லுங்கியோடு பொது அறைக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் போர்டின் முன்னால் உட்கார்ந்து, தனக்கும் கற்றுத்தரச் சொன்னார். முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் பறந்து போய்க் பெஞ்சுக்கு அடியில் விழுந்தது.

துரை குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தான்.

"வெரலால அடி சார். கோவத்தால அடிக்காத."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. சார் தலையாட்டிவிட்டு விரலை மடக்கிப் பார்த்தார். ஐரீன் எதிர்ப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காய்களை நடுவில் அடுக்கத் தொடங்கினாள்.