அவ பேச ஒரு அறை

எனக்கு வாய் ஜாஸ்தி. எங்க தெருவுக்கே தெரியும். "மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன், கத்திட்டு அடுத்த நிமிஷம் மறந்துடுவேன்"னு பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சவ நான். அந்தப் பெருமை இப்ப மண்ணோட மண்ணாப் போச்சு.

எங்க வீட்ல பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி இருக்கா. நான் பெத்தவ இல்ல. பெத்தவங்ககிட்ட இருக்க முடியாத பிள்ளைங்கள அரசாங்கம் எங்கள மாதிரி வீடுகள்ல விட்டு வளர்க்கும், அப்படி வந்தவ. வாயே தொறக்க மாட்டா. அதனால என் வீட்டுக்காரர் கேலியா 'மேடம்'னு கூப்பிடுவார்.

அவ பழைய வீட்ல பட்டதுக்கெல்லாம் மனநல டாக்டரப் பாக்கணும்னு சொன்னாங்க. டாக்டர் இருக்கறது வேற ஊர்ல. காத்திருந்து காத்திருந்து, கடைசியில போன்லயே பேசலாம்னு ஏற்பாடு ஆச்சு, வாராவாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம். அப்பாடா, அலைச்சல் மிச்சம்னு எனக்கு ஒரே சந்தோஷம். அவ எங்க உக்காந்து பேசுவான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. நானும் யோசிக்கல. ஹால்ல ஒரு ஓரத்துல திரை போட்டு மறைச்சதுதான் அவ அறை.

அவளே ஒரு இடத்தப் பிடிச்சா. போனோட பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, குழாயத் தொறந்து விட்டுடுவா. பேசறதுக்கு எதுக்குடி குழாய்? "தொட்டி காலியாகுது, நிறுத்துடி!"ன்னு வாராவாரம் கதவத் தட்டுவேன்.

போன தடவை என் நாத்தனாரும் அவ வீட்டுக்காரரும் வந்திருந்தாங்க. டீயக் குடிச்சுக்கிட்டே, "என்ன அண்ணி, தண்ணி இப்படிக் கொட்டுது? இந்த வீட்ல கேக்க ஆளில்லையா?"ன்னு கேட்டா. ஆளில்லையாமே! எனக்குச் சுருக்குன்னுச்சு. விறுவிறுன்னு பால்கனிக்குப் போய் மெயின் வால்வையே மூடிட்டு வந்தேன்.

வீடு கப்சிப்னு ஆச்சு. உள்ளேயிருந்து அவ குரல் தெளிவா வந்துச்சு.

"அடிக்கல்லாம் மாட்டாங்க டாக்டர். நல்லவங்கதான். ஆனா ஆன்ட்டி கத்துனா எனக்கு... அடக்க முடியாம உடுப்பெல்லாம் நனைஞ்சிடுது. தெரிஞ்சா அனுப்பிடுவாங்கன்னு நானே தொவைச்சுப் போட்டுடறேன்."

நாத்தனார் டீ கிளாஸை மெதுவாக் கீழ வச்சா. அவ வீட்டுக்காரர் ஜன்னலப் பாத்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பாத்தார். கூனிக் குறுகிப் போனேன்னு சொல்வாங்களே, அது என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

தண்ணி நின்னது அவளுக்கும் உறைச்சிருக்கணும். கதவத் தொறந்தா. நாங்க நாலு பேரும் சத்தமில்லாம உக்காந்திருக்கறதப் பாத்தா. தலையக் குனிஞ்சுக்கிட்டுத் திரைக்குப் பின்னால போயிட்டா. "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலம்மா"ன்னா நாத்தனார். பேசாமலே இருந்திருக்கலாம் மகராசி.

மறுநாள் டாக்டர் என்னை போன்ல கூப்பிட்டாங்க. இனிமே பேச வரலன்னு மேடம் சொல்லிட்டாளாம். "அடுத்த வாரம் வரலன்னா அவ நேரத்த வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க. நிறைய பேர் காத்திருக்காங்க."

"நான் புத்தி சொல்றேன் டாக்டர்."

"புத்தி வேண்டாம்மா. யாரும் கேக்கலன்னு அவ நம்பற மாதிரி ஒரு இடம் குடுங்க."

அவளைப் பாக்க எனக்கு மூஞ்சியே இல்ல. அவ பக்கத்துல போய் உக்காந்து, மன்னிப்புக் கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. "தண்ணிய வீணாக்குனதுக்கு சாரி ஆன்ட்டி. என்னை அனுப்பிடுவீங்களா?"

"ஐயோ, இல்லடி!"ன்னு என்னையறியாமக் கத்திட்டேன். பாசத்துலதான் கத்தினேன். அவ ரெண்டு கையும் மடியில இறுகிச்சு. எந்திரிச்சுப் பாத்ரூமுக்கு ஓடினா. எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்துச்சு.

இந்த ஞாயித்துக்கிழமை எங்க படுக்கை அறைய ஒழிச்சு, சாவிய அவ கையில குடுத்தேன். "உள்பக்கம் பூட்டிக்கோ. பேசறதும் பேசாததும் உன் இஷ்டம். நாங்க வீட்லயே இருக்க மாட்டோம்." இத மெதுவாச் சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு.

நானும் அவரும் தெருவுல இறங்கி, அந்த அறை ஜன்னலுக்கு நேரா எதிர்ப்பக்கம் நின்னோம். கீழ்வீட்டுக்காரர் சிரிச்சார். "என்ன, ரெண்டு பேரையும் வெளிய தள்ளிட்டாங்களா?" வேற நாளா இருந்தா நாலு வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பார். "ஆமாங்க"ன்னேன்.

மேல திரை விலகுச்சு. காதுல போனோட நின்னு பாத்தா. பேசறா! என் வீட்டுக்காரர் என் கையப் பிடிச்சுக்கிட்டார். நான் அசையவே இல்ல. திரைய மூடினா. கொஞ்ச நேரத்துல மறுபடி விலக்கி, நாங்க ரெண்டு பேரும் இருக்கோமான்னு பாத்தா. மூடினா. மறுபடியும் விலக்கினா. நம்ப முடியல அவளால, எப்படி நம்புவா? எத்தனையோ பிள்ளைங்க வரிசையில நிக்கற அந்த ஒரு மணி நேரத்துல பாதி, நான் எங்க நிக்கறேன்னு பாக்கறதுலயே அவளுக்குப் போச்சு.