கிரேன்காரியின் வயிறு

கிரேன்காரிக்குப் பித்தப்பையை எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்லும் போயிற்று, வலியும் போயிற்று. வயிறு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாப்பிட்ட அரைமணியில் கழிப்பறைக்கு ஓட வேண்டும். கட்டட வேலையிடத்தில் அவள் உட்காரும் கிரேன் கூண்டோ பதினெட்டு மாடி உயரத்தில். இறங்கவே கால்மணி நேரம். ஆகவே அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள்: பகலெல்லாம் பட்டினி, வீட்டுக்கு வந்ததும் ஒரே மூச்சில் வயிறு முட்ட ஒரு கட்டு.

கம்பெனியின் ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது.

"மூணு மாசத்துல இது இறங்கணும். இல்லேன்னா உங்கள மேல ஏத்த முடியாது," என்றார் கம்பெனி டாக்டரம்மா. ஏறாவிட்டால் கீழே கிடங்கில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலைதான். அதை நினைத்தாலே அவளுக்குப் பகீரென்றது.

"நான்தான் பட்டினி கிடக்கறேனே டாக்டர், சர்க்கரை எங்கேருந்து வருது?"

"நீங்க மட்டுமா பட்டினி? குடல்ல கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கு, அதுங்களும்தான். பித்தத்தைச் சேர்த்து வைக்க இப்ப பை இல்ல, சொட்டிக்கிட்டே இருக்கு. அதுல உள்ள குடியிருக்கிற கூட்டமே மாறிப்போகலாம். அதுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க, முழுசா தெரியல. ஆனா ஒரே வேளையில மொத்தத்தையும் அடைக்கிறது ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு வேளை சாப்பிடுங்க. எண்ணெயைக் குறைங்க. பருப்பு, ஓட்ஸ், ஆப்பிள்னு மெதுவா கூட்டுங்க. ஓட்டம் நிக்க ஒரு பொடி தரேன்."

"வாடகை தராத குடித்தனக்காரங்களுக்கு நான் வடிச்சுக் கொட்டணுமாக்கும்!"

பகலில் சாப்பிட்டால் பகலில் இறங்கியாக வேண்டும். கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரரிடம் சொல்லாமல் முடியாது. மறுநாள் கூண்டிலிருந்து வாக்கிடாக்கியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பிட்டா வயித்தால போகுது. அதான் இத்தனை நாளா சாப்பிடல."

சானலை மாற்ற மறந்திருந்தாள். கட்டடம் முழுக்க அத்தனை கருவிகளிலும் அது ஒலித்தது.

முதலில் வந்தது கம்பி கட்டுகிற ஒருவரின் குரல்: "நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்மா."

எங்கெங்கோ சிரிப்பு வெடித்தது. அவளுக்குக் காது சிவந்துபோயிற்று. அதற்குள் சிக்னல்காரர் அதட்டினார்: "போதும் நிறுத்துங்கடா. ஏன் தங்கச்சி, எட்டு மாசமா வாயைத் திறக்கலியா நீ? பத்தரைக்கும் மூணு மணிக்கும் சரக்கு ஏத்துறத நிறுத்தறேன். இறங்கி வந்து சாப்பிடு. நடுவுல அவசரம்னாலும் சொல்லு, சுமை காத்திருக்கும்."

முதல் இரண்டு வாரம் வயிறு இடி இடித்தது. மூன்றாவது வாரம் ஓட்டம் குறைந்தது. இரண்டாவது மாதம் ஒருநாள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் வயிற்றைப் பற்றிய நினைப்பே இல்லாமல் கம்பிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்ததை அவளே பிறகுதான் கவனித்தாள்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரம்மா அறிக்கையை இரண்டு முறை பார்த்தார்.

"இறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் இறங்கணும். ஆனா நீங்க மேல ஏறலாம்."

"எது டாக்டர் இறக்குச்சு? பொடியா, பருப்பா, உள்ள இருக்கிறவங்களா?"

"யாருக்குத் தெரியும்? எதையும் நிறுத்தாதீங்க," என்று சிரித்துக்கொண்டே அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

சீட்டைச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு அவள் வெளியே வந்தாள். வேலைக்கு இன்னும் நேரமிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து ஓர் ஆப்பிளை நிதானமாகக் கடிக்கத் தொடங்கினாள்.