மூன்றாம் முறை கேட்டபோது

டாங்குவோலேவுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தே தீர வேண்டும் என்று பனெவெஷிஸ் நகர மருத்துவர்கள் சொன்னதும், நான்கு வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தாள். பல்கலைக்கழகத்தார் அவற்றை வைத்து, அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே கணினி பேசும்படி செய்து தருவார்கள்.

"இம்புட்டு எதுக்கு?" என்றார் கணவர் ரிமான்டஸ்.

"ஆபரேஷனுக்கு அப்புறமும் உங்களத் திட்டணும்ல?"

அறுவை முடிந்து, பேச்சுக்குப் பதில் எழுதிக் காட்ட ஒரு சிலேட்டோடு வீடு திரும்பினாள். பதிவுகளை அடுத்த வாரம் அனுப்புவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, விதைக்கிழங்கு விலைப்பட்டியல் என்று வந்த மின்னஞ்சல் கோப்பை ரிமான்டஸ் திறந்தார். பட்டியல் ஏதும் தெரியவில்லை. நார்வேயிலிருக்கும் மகள் போட்டுக் கொடுத்த ஃபயர்வால் என்ற காவல் புரோகிராம்தான் கேட்டது: அறிமுகமில்லாத புரோகிராம் ஒன்று இணையத்துக்குப் போகப் பார்க்கிறது, விடலாமா?

வேண்டாம் என்று அழுத்தினார். மறுபடி கேட்டது. மறுபடி வேண்டாம். போன வாரம் மகளின் வீடியோ அழைப்பையும் இதுதான் மறித்திருந்தது.

"ஒன்னோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று, மூன்றாம் முறை கேட்டதும் அதையே அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். பீட்ரூட்டைத் தோல்சீவி முடித்து வந்தபோது, அவள் குரல் பதிவுகள் உட்பட ஒரு கோப்பும் திறக்கவில்லை. பிரதி எடுத்து வைத்திருந்த வட்டும் கணினியிலேயே செருகியிருந்தது, அதுவும் போயிற்று.

கணினி பழுதுபார்க்கும் கடைப் பெண் கின்டாரே வெகுநேரம் பார்த்தாள்.

"வெளியிலருந்து நுழையறத மட்டுமில்ல, உள்ளருந்து வெளிய போறதையும் அந்த ஃபயர்வால் கேட்டுத்தான் விடும், ஐயா. இந்தத் திருட்டுப் புரோகிராம் மெயில்ல உள்ள வந்துடுச்சு. ஆனா கோப்புகளப் பூட்டுறதுக்குச் சாவிய அதோட ஆளுங்ககிட்டருந்து வாங்கணும். அந்த வழியத்தான் ரெண்டு தடவ மறிச்சிருக்கு."

"மூணாவது தடவ?"

"நீங்கதான் அத அணைச்சிட்டீங்களே."

பூட்டைத் திறக்கத் திருடர்கள் கேட்ட பணத்தை ரிமான்டஸ் கொடுத்தும் பார்த்தார். சாவி வரவில்லை.

எல்லாவற்றையும் டாங்குவோலேவிடம் சொன்னார். 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்று சிலேட்டில் எழுதினாள்.

"நீ தூங்கிட்டிருந்த."

அதை அழித்துவிட்டு நீளமாக ஏதோ எழுதினாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அதையும் உள்ளங்கையால் அழித்தாள்.

"என்னம்மா எழுதின?"

தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகிறாளா என்று அவரால் கண்டுகொள்ள முடியவில்லை. அவள் அழுதாலும் இனிச் சத்தம் கேட்காது.