வலது ஓரத்தில் அக்கா

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அக்கா வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சுட்டது. கேட்காமல் எடுக்கவில்லை. கேட்டேன். "நீ மட்டும் எழுதினியோ, இந்த வீட்டுப் பக்கம் வந்துராதே" என்றாள் அக்கா. "எழுதட்டும் விடு, எப்படியும் யார் படிக்கப் போறா?" என்றார் அத்தான். இரண்டாவது பதிலை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "பார்வையற்ற அந்தக் கலைஞனின் விரல்நுனியில் இயற்கையே துடித்துக்கொண்டி

(போதும். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.)

அத்தான் எதையும் போனில் குரலாக மாற்றித்தான் கேட்பார். கூச்சத்தோடு இதையும் அனுப்பி வைத்தேன். உடனே கூப்பிட்டார்.

"மச்சான், என் விரல்ல ஒண்ணும் துடிக்கல. காமிராவில பட்டன் இருக்கு, அழுத்தறேன். அப்புறம் எனக்குப் பார்வை இல்லைன்னு உனக்கு யார் சொன்னது? நடுவுலதான் இல்ல. இன்னொண்ணு, அடைப்புக்குறி, அடைப்புக்குறின்னு போன் கத்திட்டே இருக்கு. நீ கதை எழுதறியா, கணக்குப் போடறியா?"

நடுவில்தான் இல்லை என்பது உண்மை. அத்தான் எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துவிடும். அதன் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். என் முகம் மங்கலாகவாவது தெரிய வேண்டுமானால் எனக்குப் பின்னால் இருக்கும் பீரோவைப் பார்த்துப் பேசுவார். ஒரு காலத்தில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் முகங்கள்தான் முதலில் போயின. முகம் தெரியாமல் கல்யாணம் எடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடுவார்களா? மலைக்கு முகம் கிடையாது, கோபித்துக்கொள்ளாது. மலை, ஏரி, வயல் என்று கிளம்பிவிட்டார்.

3.

கதைக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். ஆகவே அத்தானை இனி "படக்காரர்" என்று எழுதுகிறேன். அக்கா, "அவர் மனைவி".

ஞாயிற்றுக்கிழமை, விடிகிற நேரம். படக்காரர் ஏரிக்கரையில் காமிரா ஸ்டாண்டை ஊன்றினார். மனைவி வழக்கம்போல வலது பக்கம் பத்தடி தள்ளி, கொஞ்சம் முன்னால், ஒரு கல்லில் உட்கார்ந்தாள். அது எப்போதும் அளந்து உட்காரும் இடம். அங்கிருந்தால் படத்தில் விழமாட்டாள், சொல்வதும் காதில் விழும்.

"சொல்லு" என்றார்.

"பனி மெல்ல விலகுது. தண்ணி அசையவே இல்ல. இடது பக்கம், நாணல் கிட்ட, ரெண்டு கொக்கு. ஒண்ணு ஒத்தைக் கால்ல நிக்குது."

படக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கொக்கும் வேண்டும், எதிர்க்கரை மலையும் வேண்டும். நல்லவேளை, புது லென்ஸ் கையில் இருந்தது. பழையதைவிட ரொம்ப அகலமான இடத்தைப் படத்துக்குள் வாங்கும். பதினேழு படம் எடுத்தார். லென்ஸ் மாற்றியதை மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பெரிய டிவியில் போடுவார். உள்ளங்கை அளவு இடத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, மூக்கு டிவியில் உரச, ஓரக்கண்ணால் பார்ப்பார். அப்புறம் அடுத்த உள்ளங்கை. ஒரு படத்தை முழுசாகப் பார்த்து முடிக்க மூன்று நாள் ஆகும். இந்தத் தடவை அந்த மூன்று நாளும் இடது பக்கத்திலேயே போயிற்று. கொக்குகளைக் காணோம். நாணலையும் காணோம். மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எனக்குப் போன் செய்து, "கண்ணு இன்னும் மோசமாயிருச்சு மச்சான், இனிமே அவ்வளவுதான்" என்றார். மத்தியானம் சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு அனுப்பக் கடைசி நாள் அது. வலது பக்கத்தைப் பார்க்காமலே படத்தை அனுப்பினார்.

(படக்காரராவது, மனைவியாவது! எனக்குத் தூரம் வரவில்லை. சாப்பிடாமல் படுத்தவர் என் அத்தான்.)

4.

கண்காட்சி நடத்துபவர் போன் செய்தார்.

"சார், படம் பிரமாதம். அந்த வலது ஓரத்துல ஒரு அம்மாவை உக்கார வெச்சீங்க பாருங்க, அதுலதான் ஏரி எவ்வளவு பெருசுன்னே தெரியுது."

"எந்த அம்மா?"

"சார் தமாஷ் பண்றீங்க."

அக்கா மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் டிவியைப் போட்டு, வலது ஓரத்துக்கு நகர்ந்தார். சிவப்பாக ஏதோ தெரிந்தது. பெரிதாக்கினார். சால்வை. இன்னும் பெரிதாக்கினார். அக்காவின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்த முகத்தைத் தெளிவாகப் பார்க்கிறார். நெற்றி ஒரு தடவை, தாடை ஒரு தடவை என்று, கொஞ்சம் கொஞ்சமாக. "அழுதுட்டேன் மச்சான்" என்றார்.

(கதையை இங்கேயே முடித்திருந்தால் எனக்குப் பரிசே கிடைத்திருக்கும்.)

அழுது முடித்த பிறகுதான் கவனித்தார். அவள் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. வாய் மட்டும் திறந்திருந்தது. பதினேழு படத்திலும் அப்படியே.

என்னை வரச் சொன்னார். போனேன்.

"உனக்குத்தான் ரெண்டு கண்ணும் நல்லாயிருக்கே. இடது பக்கம் கொக்கு இருக்கா?"

பொய் சொல்லியே காலம் தள்ளுகிறவன், அதைச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் உண்மையைச் சொன்னேன். கொக்கு இல்லை. நாணல்கூட இல்லை.

5.

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

எனக்குப் பதினோரு வாசகர்கள். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். அக்காவுக்கு ஒரே வாசகர். நாலு வருஷமாக, வாரம் தவறாமல், அவள் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார். அவள் கொக்கு என்றால் அந்தக் கொக்கை மூன்று நாள் மூக்குத் தேயத் தேடுகிறார். என் கதையில் வந்த எதையாவது யாராவது மூன்று நிமிஷம் தேடியிருப்பார்களா? இதை அத்தானிடம் சொன்னேன். சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"நாலு வருஷமா எத்தனை தடவை தேடிக் கிடைக்காம என் கண்ணையே திட்டியிருக்கேன், தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. டீ போடுகிறேன் என்று சொல்லிப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன். எழுத்தாளன் வேறென்ன செய்வான்?

6.

அக்கா வந்தாள்.

"இங்க வா. வலது ஓரத்துல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார் அத்தான்.

அக்கா தோள்பையைக்கூட இறக்கவில்லை. டிவியையே பார்த்தாள்.

"ஒரு பொம்பளை உக்காந்திருக்கா. தூங்கி வழியறா. ஆறு நாள் கடையில நின்னுட்டு, ஏழாவது நாளும் நாலு மணிக்கு எந்திரிச்சவ."

"கொக்கு?"

"இல்ல."

"எப்பவுமே இல்லையா?"

"ஆரம்பத்துல உள்ளதைத்தான் சொன்னேன். அந்த அணைக்கட்டுக்குப் போனமே, ஞாபகம் இருக்கா? 'வெறும் பனிதாங்க, ஒண்ணுமே தெரியல'ன்னேன். நீங்க ஸ்டாண்டை மடிச்சுட்டீங்க. ரெண்டு மாசம் காமிராவைத் தொடல. எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அடுத்த தடவை ஒரு கொக்கைச் சேத்துச் சொன்னேன். நாப்பது படம் எடுத்தீங்க. வர்ற வழியெல்லாம் பாட்டு வேற."

"நீ சேத்ததையெல்லாம் நான் தேடினேனே. கிடைக்கலைன்னு என்னைத்தானே நொந்துக்கிட்டேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க தேடறீங்கன்னே எனக்குத் தெரியாதுங்க. சந்தோஷமா பாத்துட்டு இருக்கீங்கன்னுதான் நினைச்சேன்."

அத்தான் பீரோவைப் பார்த்தபடி நின்றார். அதாவது அக்காவை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள். "சரி, இப்பச் சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு உங்களுக்கு என்ன வேணும்? உள்ளதை மட்டும் சொல்லணுமா? இல்ல, நான் வரவே வேண்டாமா?"

அத்தான் வாயைத் திறந்தார்.

"டேய், அடுப்புல பால் வெச்சியா? பொங்குது பாரு!" என்று அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

ஓடினேன். கதையின் முக்கியமான கட்டத்தில் இதை எழுதுகிறவன் சமையலறையில் கரித்துணியோடு நின்றுகொண்டிருந்தான். திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. அக்காவின் தோள்பை அத்தான் கையில் இருந்தது.

"அத்தான் என்ன சொன்னாரு?"

"உனக்கெதுக்கு?" என்றாள் அக்கா.

7.

தெரியாததால் நானே சில முடிவுகளைச் செய்து பார்த்தேன்.

(அ) அத்தான் படத்தின் வலது ஓரத்தை வெட்டச் சொல்கிறார். (சொல்லவில்லை. நானே கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தேன், படத்தில் அக்கா முழுசாகத் தொங்குகிறாள். அவளுக்குச் சால்வை கசங்கித் தெரிவதில்தான் வருத்தம்.)

(ஆ) படத்தை விவரிக்கும் ஒரு செயலியைப் போனில் போட்டுக்கொள்கிறார். அது "மரம். தண்ணீர். மரம்." என்கிறது. அத்தான் ஏரியிலேயே அதை வீசி... (வேண்டாம்.)

(இ) அக்கா வீட்டில் தூங்குகிறாள். அவளுக்குப் பதில் நான் போய் விவரிக்கிறேன். (இதை யாரும் விரும்பவில்லை, நான் உட்பட.)

8.

ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மலையடிவாரம். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அத்தான் ஸ்டாண்டை ஊன்றினார். இந்தத் தடவை அக்கா தள்ளிப் போய் உட்காரவில்லை, அவர் தோளை ஒட்டி நின்றாள். கண் திறந்திருந்தது, நான் பார்த்தேன்.

"சொல்லு."

ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

"வலது பக்கம் மேட்டுல ஒத்தை மரம். அதுக்கு அடியில ஒரு குதிரை. வெள்ளை. தனியா நிக்குது."

அத்தான் சிரித்தார். காமிராவை வலது பக்கம் திருப்பினார். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த மேட்டைப் பார்த்தேன். வெளிச்சம் போதுமான அளவு இருந்தது. அத்தான் படம் எடுத்துக்கொண்டே போனார். அவருக்கு எப்படியும் புதன்கிழமைக்குள் தெரிந்துவிடும்.

நான் அவருக்கு இரண்டடி பின்னால்தான் நின்றேன். குதிரை இருந்ததா என்று அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்கிறீர்கள்.