தமிழ்ல சொல்லு, அவனுக்குப் புரியாது

டில்லித் தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மெட்ரோவில் எதிர் சீட்டில் இருப்பவரின் மூக்கிலிருந்து மாப்பிள்ளை வரைக்கும், அவரை வைத்துக்கொண்டே தமிழில் அலசுவார்கள். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மட்டும் கொஞ்சம் வாயைக் கட்டுவார்கள். அங்கே முருங்கைக்காய் விற்கிற பீகார்க்காரரே, "நல்லா இருக்கும்மா, எடுத்துக்கோ" என்று மானத்தை வாங்கிவிடுவார்.

மயூர் விஹாரிலிருந்து ஒரே மெட்ரோவில் வருஷக்கணக்காக ஆபீஸ் போய்வருகிற, நாற்பதைத் தாண்டிய இளவரசி, மதுமதி, அம்பிகா மூன்று பேருமே இந்தக் கலையில் கரை கண்டவர்கள். அதிலும் மதுமதிக்கு வாய் இருக்கிறதே, அம்மம்மா! அதைத் தனியாகத்தான் அடக்கம் பண்ண வேண்டியிருக்கும்.

இளவரசிக்கு ஆஸ்துமா. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தபோது இல்லாத வியாதி, டில்லி கொடுத்த சீதனம். தீபாவளி முடிந்து ஊரே புகையில் மூழ்கினால் அவள் நெஞ்சு குக்கர் மாதிரி விசிலடிக்க ஆரம்பித்துவிடும். ராத்திரியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். "கொஞ்ச நாளாவது கடல் காத்து படட்டும்" என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், மதுமதி குதித்தாள். "ஆபீஸ் காசுல ஊர் சுத்தற எல்.டி.சி. சும்மாதானே கிடக்கு? அந்தமான் போவோம்டி!"

போகலாம்தான். ஆனால் இளவரசிக்கு உள்ளுக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. இந்த மூன்று பேரும் போகாத இடமில்லை. போன இடத்திலெல்லாம் அவள் மட்டும் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். "நீ ஏற வேணாம் இளா, மூச்சு வாங்கும். பையைப் பாத்துக்கோ." ரிஷிகேஷில் அருவி பார்க்கப் போனபோதும் பைக்குக் காவல், முசௌரியில் மலையேறினபோதும் பைக்குக் காவல். அன்பாகச் சொன்னாலும் காவல் காவல்தானே? அந்தமானில் குகை இருக்கிறது என்று தெரிந்ததுமே முடிவு பண்ணிவிட்டாள். இந்தக் குகைக்குள் போகாமல் டில்லிக்குத் திரும்புவதில்லை.

குகை இருந்த தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, நடுவே பச்சைத் தண்ணீர். வழிகாட்டியாக வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். பெயர் ப்ரசன்னா என்றார். இந்தியில்தான் பேசினார்.

"ப்ரசன்னாவா? ஒரியாக்காரனா இருப்பான்" என்று அவர் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னாள் மதுமதி. "முழியைப் பாரு, திருட்டு முழி. தொப்பை வேற. இவன் குகைக்குள்ள நுழைஞ்சா நாம வெளிய வரவே வழியிருக்காது."

அம்பிகா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ப்ரசன்னா காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் இறங்கும்போது, பைகளைப் படகிலேயே வைத்துவிடச் சொன்னார். குகை குறுகல், கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும், படகுக்காரர் பார்த்துக்கொள்வார் என்றார். ஆஹா, பைக்குக் காவல் இருக்க இன்னொரு ஆள்! இளவரசிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. பச்சைப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் ஆளாக நடந்தாள்.

காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும்தான் பொறி தட்டியது.

"ஏட்டி மதி, பம்ப்பு பைக்குள்ளயே கெடக்கு."

"எது, மூச்சுக்கு அடிப்பியே, அதா? அடிப்பாவி! இரு, அவன்கிட்ட சொல்றேன்."

"சொல்லாதட்டி! ஆஸ்துமான்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவான். பச்சைப் பையில பத்திரமாத்தான் இருக்கு. இப்ப எனக்கு ஒண்ணுமில்ல, மூச்சு நல்லாத்தான் வருது. ஒரு தடவையாவது உள்ள போயிருதேன், விடேன்."

மதுமதிக்கு மனசு கேட்கவில்லை. இளவரசியின் முகத்தைப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை. "என்னமோ செய். ஏதாவது ஆச்சுன்னா உன்னைக் கொன்னுடுவேன்."

வழியில் ஒரு குடிசைக் கடை வந்தது. "ருக்கியே மேடம், நிம்பூ பானி சாப்பிடுங்க. டார்ச்சுக்கு வேற செல் எடுத்துட்டு வந்துடறேன்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, ப்ரசன்னா வந்த வழியே விறுவிறுவென்று திரும்பிப் போனார்.

கேட்க வேண்டுமா? எலுமிச்சைச் சாறு தீர்ந்தது, மதுமதியின் வசவு தீரவில்லை. "டார்ச்சுக்குச் செல் இருக்கான்னுகூடப் பாக்காதவன் ஒரு கைடு! நம்ம தலையெழுத்து." வியர்க்க விறுவிறுக்க அவர் திரும்பி வந்தபோதும் நிறுத்தவில்லை. "வந்துட்டார்யா துரை. ஓடினதுல தொப்பையாவது கரைஞ்சுதா பாரு!"

குகை வாசல் அகலமாகத்தான் இருந்தது. போகப் போகச் சுவர்கள் நெருங்கின. சுண்ணாம்புப் பாறை மேலிருந்து உருகி வழிந்து அப்படியே நின்றுவிட்டது போலத் தொங்கியது. டார்ச் பட்ட இடமெல்லாம் மினுமினுத்தது. "எம்மா, எவ்வளவு அழகு!" என்று இளவரசி வாய்விட்டுச் சொன்னாள். பக்கவாட்டில் திரும்பி நகர வேண்டிய ஓர் இடுக்கைத் தாண்டும்போது வௌவால் எச்சத்தின் நாற்றமும் ஈரப் புழுக்கமும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் அடித்தன. நெஞ்சு இறுகியது.

முதலில் சமாளித்தாள். பிறகு விசில் கிளம்பியது. பிறகு விசிலும் நின்றுபோய், காற்று உள்ளே இறங்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

"ஐயோ இளா!" மதுமதி அலறினாள். "பாய் சாப்! ஜல்தி! இவங்களுக்கு மூச்சு..." இந்தி முழுக்க மறந்துபோய் அழுகைதான் வந்தது. அம்பிகா, "முருகா, முருகா" என்று இளவரசியின் முதுகைத் தடவினாள்.

இளவரசிக்குச் சாவு கண்ணில் தெரிந்தது. படகில் இருக்கிற பச்சைப் பையும் தெரிந்தது. என் பிடிவாதமே எனக்கு எமனாச்சே என்று நினைத்தாள்.

"அக்கா, சுவர்ல சாஞ்சு நிமிர்ந்து உக்காருங்க. பதறாதீங்க. இந்தாங்க உங்க பம்ப்பு."

இருட்டுக்குள் சுத்தமான தமிழ். ப்ரசன்னாவின் சட்டைப் பையிலிருந்து வந்தது அவளுடைய நீலநிற இன்ஹேலர்.

உறிஞ்சினாள். பொறுத்து, மறுபடி உறிஞ்சினாள். "மெதுவா, மெதுவா... அவசரமே இல்லக்கா" என்று அவர் பக்கத்தில் குந்தியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சு திறந்தது. காற்று! இவ்வளவு ருசியான வஸ்துவை ஆயுசில் அவள் சாப்பிட்டதில்லை.

அப்போதுதான் மதுமதிக்கு உறைத்தது. "உங்களுக்கு... தமிழ்..."

"எங்க தாத்தா ராமநாதபுரம். போர்ட் பிளேர்ல எங்க தெரு முழுக்கத் தமிழ்தாங்க. டில்லி பார்ட்டின்னு புக்கிங் சீட்டுல எழுதியிருந்துச்சு, அதான் இந்தியிலயே பேசிட்டேன். பேச்சு சுவாரசியமா இருந்துச்சா, நடுவுல குறுக்கிட மனசு வரல." தொப்பையைத் தடவிக்கொண்டார். "தொப்பை சரிங்க, கண்ணாடி பாக்கறவன்தானே நானும். அந்தத் திருட்டு முழிதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மதுமதி தலையில் அடித்துக்கொண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தால், ஏற்கெனவே பூமிக்குள்தான் இருந்தாள். "மன்னிச்சிருங்க தம்பி. என் வாய்ல வசம்பு வச்சுத் தேய்க்கணும்." அம்பிகாவுக்கு அழுகையோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"நான்தான் மன்னிப்புக் கேக்கணும். கேக்காம அக்கா பையைத் துழாவிட்டேன்" என்றார் அவர்.

இளவரசிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. மூச்சு சீரானதும் கேட்டாள். "எல்லாந்தான் காதுல விழுந்திருக்கே. என்னைத் திருப்பி அனுப்பியிருக்கலாமேய்யா?"

"அனுப்பலாம்னுதான் மொதல்ல நினைச்சேன். படகுக்குப் போற வழியெல்லாம் அதே யோசனைதான். அங்க போனா உங்க பைகளுக்குக் காவலா படகுக்காரர் உக்காந்திருந்தாரு. பக்கத்துல உங்களையும் உக்கார வைக்க மனசு வரலக்கா."

இளவரசிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. கூடப்பிறந்தவனுக்குக்கூட இது தோன்றியிருக்குமா? யார் பெற்ற பிள்ளையோ!

"திரும்பிடலாம்டி" என்றாள் மதுமதி.

"நல்லா உக்காந்து இளைப்பாறட்டும். அப்புறம் அக்கா சொல்றதுதான்" என்றார் ப்ரசன்னா.

இளைப்பாறினாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். மதுமதியின் தோளைப் பிடித்து எழுந்தாள். "உள்ளயே போவோம்."

தூரம் அதிகமில்லை. குகையின் கடைசியில் கூடம் மாதிரி ஓர் இடம் விரிந்தது. நின்றுகொண்டு பேசலாம், கையை வீசலாம். எல்லோரும் ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்ததும், விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்டு அணைத்தார்.

அது இருட்டு என்றால் இருட்டு. எங்கோ தண்ணீர் சொட்டியது. மதுமதியின் வளையல் ஒரு தடவை அசைந்து அடங்கியது. வேறு சத்தமே இல்லை. இளவரசிக்குத் திக்கென்றது. என்னவோ குறைகிறதே, எது? தன் மூச்சுதான் அவளுக்குக் கேட்கவில்லை. அவசரமாக நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். ஏறியது, இறங்கியது. விசில் இல்லை, கீச்சு இல்லை, ஒரு சின்ன இழுப்புகூட இல்லை. மற்றவர்கள் தினமும் இப்படித்தான் மூச்சு விடுகிறார்களா? கேட்காமலேயா?

"தம்பி" என்றாள்.

"சொல்லுங்கக்கா."

"நீ நல்லா இருக்கணும்யா. ஒம் புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

 இருட்டில் அவர் டார்ச்சைத் தேடித் துழாவுகிற சத்தம் வந்தது. "விளக்கைப் போடட்டுமாக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் செத்த நேரம் இருக்கட்டும்யா" என்றாள் இளவரசி.