நீரேறும் கடல்வாய்

காயலின் நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து தாவோரிபாவின் கை வேலையில் நிலைக்கவில்லை. காலையில் வெண்மணலாகக் கிடந்த திட்டுகள் ஒவ்வொன்றாகப் பச்சை நீருக்குள் மறைந்துகொண்டிருந்தன. அவளுடைய விடுதியில் தங்கியிருந்த நார்வேக்காரர் ஆர்னே அடுத்த தீவுக்கு நடந்து போனவர், இன்னும் திரும்பவில்லை. இரு தீவுகளுக்கும் இடைப்பட்ட கடல்வாய், நீர் வற்றியிருக்கும்போது முழங்காலளவே இருக்கும். ஏறத் தொடங்கிவிட்டால் உள்ளூர் ஆளையே நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகும்.

குடில் நிழலில் வலையின் சிக்கெடுத்துக்கொண்டிருந்த கொழுந்தன் கபுரோரோவிடம் பதற்றம் எதுவும் தெரியவில்லை.

“அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும் அண்ணி. காலையிலயே புத்தகத்தைப் பிரிச்சு வச்சு எனக்குப் பாடம் நடத்தினாரே. கிரிபாத்தியில முப்பத்து மூணு தீவு, தென்னமரத்தை விட்டா உசரமே கிடையாது, பல இடத்துல தீவுக்குத் தீவு நடந்தே போகலாம். நம்ம நாட்டை நமக்கே சொல்லிக்குடுத்துட்டுப் போனாரு.”

“தண்ணி ஏறும்னு அதுல போட்டிருக்கா?”

“அதை நீங்க சொல்லியிருப்பீங்கல்ல?”

தாவோரிபா புருவங்களை உயர்த்தினாள். சொல்லித்தான் இருந்தாள். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ஆர்னே வந்து, உச்சிவேளைக்கு முன்பே திரும்பிவிட வேண்டுமா என்று கேட்டார். அவள் இதேபோலப் புருவங்களை உயர்த்தினாள். அவர் எதற்கோ காத்திருப்பவரைப்போலச் சற்று நின்றார். பிறகு சிரித்து, நன்றி கூறிவிட்டு நடந்தார்.

கபுரோரோவின் விரல்கள் வலையிலேயே நின்றன.

“வாயால சொன்னீங்களா, இல்ல இப்படியா?”

“கேட்டாரு, ஆமான்னேன். வேற எப்படிச் சொல்லுவாங்க?”

“நான் ஜெர்மன் கப்பல்ல சேர்ந்த புதுசுல, கேட்டதுக்கெல்லாம் புருவத்தைத் தூக்கிக்கிட்டு நின்னேன். இவனுக்குக் காது கேக்கலன்னு டாக்டர்கிட்ட அனுப்பிட்டாங்க அண்ணி. நமக்குத்தான் இது ‘ஆமா’. அவங்களுக்கு இது பதிலே இல்ல.”

வேடிக்கையாகத்தான் சொன்னான்; ஆனால் சொல்லி முடிப்பதற்குள் தோணியைத் தண்ணீருக்கு இழுத்திருந்தான். தாவோரிபா மறு துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறினாள். அவர் காத்து நின்ற அந்தச் சில நொடிகள் அவள் நெஞ்சை அறுத்தன. ஒரு சொல் போதுமாயிருந்தது. அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடல்வாயை அடைந்தபோது ஆர்னே நடுவிலிருந்த மணல்திட்டில் நின்றுகொண்டிருந்தார். இடுப்புவரை தண்ணீர். பையைத் தலைமேல் பிடித்திருந்தார். அவருக்கும் கரைக்கும் நடுவே ஓடிய நீர் கரும்பச்சையாகச் சுழித்தது. தோணியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அதை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். நீர் மார்புக்கு ஏறியது.

தாவோரிபா கையை உயர்த்தினாள். உயர்த்திய கை பாதியிலேயே நின்றது. இந்தக் கையசைப்பை ‘வா’ என்று அவர் எடுத்துக்கொண்டால்?

“நில்லுங்க, அங்கேயே நில்லுங்க, வராதீங்க” என்று அவள் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொண்டை கிழியக் கத்தினாள். அப்படிக் கத்தி அவளுக்குப் பழக்கமில்லை. ஆர்னே நின்றார், தடுமாறிப் பின்வாங்கினார். கபுரோரோ தோணியை நீரோட்டத்துக்கு மேற்புறமாக ஏற்றிச் சென்று, அவரை நோக்கி மிதந்து இறங்கவிட்டான். தாவோரிபா அவருடைய சட்டையைக் கொத்தாகப் பற்றினாள். பை போயிற்று, புத்தகமும் அதனுடன் போயிற்று.

இருவருமாக அவரைத் தோணிக்குள் இழுத்துப் போட்டார்கள். கரை நெருங்கியபோது கபுரோரோதான் வாயைத் திறந்தான்.

“நடந்தே போகலாம்தான், ஐயா. நடந்தே வரலாம்னு மட்டும் போடல போலிருக்கு.”

ஆர்னே நடுங்கியபடியே சிரித்தார். பின்பு, தம் சட்டையை இன்னும் விடாமல் பற்றியிருந்த தாவோரிபாவின் கையைப் பார்த்தார்.

“ரொம்பப் பயந்துட்டீங்களா?”

அவளையும் அறியாமல் புருவங்கள் மட்டும் உயர்ந்தன.

அவர் இம்முறை காத்து நிற்கவில்லை. அதுதான் பதில் என்று புரிந்தவராய்த் தலைகுனிந்து, “மன்னிச்சுக்குங்க” என்றார்.